மங்கிய படங்கள் மீண்ட கதை

நம் வீடுகளில் கூடத்துச் சுவரிலோ, பீரோவின் அடித்தட்டில் இருக்கும் பழைய தகரப் பெட்டியிலோ ஒரு புகைப்படம் இருக்கும். அதில் இருப்பவர்களில் பலர் இன்று உயிருடன் இருக்கமாட்டார்கள். படமும் மஞ்சள் பூத்து, ஓரங்கள் வெளுத்து, முகங்கள் கரைந்து போயிருக்கும். "எப்படியாவது இதைச் சரிசெய்ய முடியாதா?" என்று யாராவது ஒருவர் கேட்பார்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு படம் உண்டு. 1952-இல் எடுத்தது, உள்ளங்கை அளவே இருக்கும். என் தாத்தாவின் தாயார் திண்ணையில் அமர்ந்திருக்கிறார். அவர் மடியில் ஐந்து வயதுக் குழந்தை. அது என் அத்தை. அந்த மூதாட்டிக்கு இருக்கும் ஒரே படம் இதுதான். சில ஆண்டுகளுக்கு முன் இதை நகரத்துக் கடை ஒன்றில் கொடுத்துப் புதுப்பித்து வாங்கினேன். படம் பளிச்சென்று வந்தது. கண் இமைகள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அத்தை மட்டும் படத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"இது எங்க ஆச்சி இல்லையேப்பா. ஆச்சிக்குப் பாம்படம் தோளைத் தொடும். அது எங்கே?" என்றார்.

உண்மைதான். புதிய படத்தில் காது மடல் வளர்ந்திருக்கவில்லை. சிறிய கம்மல் ஒன்று மின்னியது. பழைய படத்தை எடுத்துப் பார்த்தோம். காதுக்குக் கீழே வெளிறிய மஞ்சள் கறை தவிர வேறெதுவும் தெரியவில்லை. அப்படியானால் அந்தக் கம்மல் எங்கிருந்து வந்தது? அந்தப் பாம்படம் எங்கே போயிற்று? இந்த இரு கேள்விகளுக்கும் விடை காண வேண்டுமானால், மங்கிய படங்களை மீட்பதற்கு மனிதன் செய்த முயற்சிகளின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும்.

படம் ஏன் மங்குகிறது?

கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் நாம் காணும் கறுப்பு, மையோ சாயமோ அன்று. அது வெள்ளி. வெள்ளி உப்புகள் ஒளி பட்ட இடத்தில் சிதைந்து, மிக நுண்ணிய வெள்ளித் துகள்களாகின்றன. பாத்திரமாக இருக்கும்போது பளபளக்கும் வெள்ளி, நுண்துகளாக இருக்கும்போது ஒளியை விழுங்கிக் கறுப்பாகத் தோன்றும்.

ஒளி படாத இடத்தில் மிஞ்சும் வெள்ளி உப்பை நீக்காவிட்டால், படத்தை வெளிச்சத்தில் பார்க்கும்போதே அது முழுவதும் கறுத்துவிடும். தொடக்க காலத்தில் இது பெரும் தொல்லையாக இருந்தது. இங்கிலாந்து அறிஞர் ஜான் ஹெர்ஷல் 1819-இலேயே, 'ஹைப்போ' என்று நாம் வழங்கும் சோடியம் தயோசல்பேட் கரைசல் வெள்ளி உப்புகளைக் கரைத்துவிடும் என்று கண்டிருந்தார். 1839-இல் புகைப்படக் கலை பிறந்தபோது அந்தக் கண்டுபிடிப்பு கைகொடுத்தது. ஹைப்போவில் நனைத்து, நீரில் கழுவினால் படம் நிலைத்து நிற்கும். சிக்கல் தீர்ந்தது என்று எல்லோரும் எண்ணினர்.

ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் படங்கள் வெளுக்கத் தொடங்கின. இலண்டன் புகைப்படக் கழகம் 1855-இல் இதை ஆராய ஒரு குழுவை அமைத்தது. 'மங்கல் குழு' என்றே அதற்குப் பெயர். விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் இந்த ஆய்வுக்காக 50 பவுன் நன்கொடை அளித்தார். அதே ஆண்டில் குழு தன் முடிவை வெளியிட்டது. படத்தைக் காத்த ஹைப்போவே முதல் குற்றவாளி! சரியாகக் கழுவாமல் தாளில் தங்கிவிட்ட ஹைப்போ மெல்லச் சிதைந்து கந்தகத்தை வெளியிடுகிறது. அது வெள்ளியுடன் சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆகிறது. கறுப்பு மாறி வெளிர் மஞ்சளாகிறது. நகரக் காற்றில் உள்ள கந்தக வாயுக்களும் ஈரமும் இதற்குத் துணை போகின்றன. நன்றாகக் கழுவுங்கள், தங்க உப்புக் கரைசலில் நனையுங்கள், ஈரம் படாமல் வையுங்கள் என்று குழு அறிவுரை கூறியது.

இதில் நாம் மனத்தில் கொள்ளவேண்டிய செய்தி ஒன்று உண்டு. இவ்வாறு மங்கிய படத்தில் வெள்ளி முழுவதும் போய்விடவில்லை. அது வேறொரு சேர்மமாக மாறி, பெரும்பாலும் அதே இடத்திலேயே இருக்கிறது. நம் கண்ணுக்குத்தான் அது புலப்படவில்லை. படம் அழிவது வேறு, நமக்குத் தெரியாமல் போவது வேறு. மீட்புக் கலை முழுவதும் இந்த வேறுபாட்டின்மீதுதான் நிற்கிறது.

பனியில் உறங்கிய படச்சுருள்

கண்ணுக்குத் தெரியாத படம் எவ்வளவு காலம் காத்திருக்கும்? இதற்கு வியப்பான சான்று ஒன்று வட துருவப் பகுதியிலிருந்து கிடைத்தது.

1897 ஜூலை 11 அன்று ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த ஆண்ட்ரே, ஸ்டிரிண்ட்பெர்க், ஃபிரெங்கல் ஆகிய மூவர் ஹைட்ரஜன் பலூன் ஒன்றில் வட துருவத்தை நோக்கிப் புறப்பட்டனர். மூன்று நாட்களுக்குள் பலூன் பனிக்கடலில் இறங்கிவிட்டது. மூவரும் பனிமீது நடந்து, அக்டோபரில் வெண்தீவு என்னும் சிறு தீவை அடைந்து அங்கேயே மாண்டனர். உலகிற்கு அவர்களுடைய முடிவு தெரியாமலே 33 ஆண்டுகள் கழிந்தன. 1930-இல் அவ்வழியே சென்ற நார்வே நாட்டுக் குழு ஒன்று அவர்களுடைய எச்சங்களைக் கண்டது. அவற்றுடன் ஸ்டிரிண்ட்பெர்க்கின் படச்சுருள்களும் இருந்தன. அவை இன்னும் கழுவப்படாதவை.

ஸ்டாக்ஹோமில் இருந்த ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் என்ற புகைப்பட வல்லுநரிடம் அவை ஒப்படைக்கப்பட்டன. அவசரப்பட்டால் மறுபடி முயல வழியில்லை. அவர் பொறுமையாகப் பணியாற்றி, 240 படங்களில் 93-ஐ மீட்டார். வீழ்ந்து கிடக்கும் பலூனையும், அதன் அருகே நிற்கும் மனிதர்களையும் உலகம் கண்டது.

ஒளி பட்ட வெள்ளி உப்புப் படிகத்தில் ஒரு சில வெள்ளி அணுக்களே முதலில் தோன்றுகின்றன. இதை 'உள்ளுறை பிம்பம்' என்பர். கழுவும்போது இந்தச் சில அணுக்கள் வித்தாக அமைந்து, படிகம் முழுவதும் வெள்ளியாகிறது. ஹெர்ட்ஸ்பெர்க் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. அந்தச் சில அணுக்கள் 33 ஆண்டுகள் பனியில் காத்திருந்தன. அவற்றை அவர் கண்ணுக்குத் தெரியச் செய்தார், அவ்வளவே.

கதிரியக்கம் கைகொடுத்தது

அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் மார்ஷல் மையத்தில் பணியாற்றியவர் பார்பரா ஆஸ்கின்ஸ் என்ற வேதியியல் அறிஞர். விண்வெளியிலிருந்து எடுத்த படங்கள் சில, ஒளி போதாமல் மிக மங்கலாக இருந்தன. அவற்றிலிருந்து செய்தியைப் பெற அவர் கண்ட வழி மிகப் புதுமையானது. அதற்கு 1978-இல் காப்புரிமை பெற்றார்.

மங்கிய நெகடிவை, கந்தகம்-35 என்னும் கதிரியக்க ஐசோடோப்பு கலந்த தயோயூரியா கரைசலில் நனைக்கவேண்டும். படத்தில் எங்கெல்லாம் வெள்ளி இருக்கிறதோ அங்கெல்லாம் கதிரியக்கக் கந்தகம் போய்ச் சேரும். பிறகு அதன்மீது புதிய படச்சுருள் ஒன்றை இறுக்கி வைத்து இருட்டில் மூடிவிட வேண்டும். கந்தகம்-35 வெளியிடும் பீட்டாத் துகள்கள் புதிய சுருளில் படத்தைப் பதிக்கும். இந்தத் துகள்களின் ஆற்றல் மிகக் குறைவு. ஒரு மில்லிமீட்டர்கூடப் பயணம் செய்யா. எனவே பக்கவாட்டில் சிதறிப் படம் கலங்குவதில்லை. வெள்ளி எவ்வளவு குறைவாக இருந்தாலும் கூடுதல் நேரம் வைத்திருந்தால் படம் கருமையாகக் கிடைக்கும். கண்ணால் காண முடியாதிருந்த விவரங்கள் கண்முன் வந்தன.

எக்ஸ்-கதிர்ப் படங்களிலும் இம்முறையைப் பயன்படுத்தலாம் என்று கண்டனர். நோயாளியின்மீது பாய்ச்சும் கதிரின் அளவைக் குறைத்து, மங்கலாகக் கிடைக்கும் படத்தைப் பிறகு வலுப்படுத்திக் கொள்ளலாம் அல்லவா?

ஆனால் இம்முறையில் ஒரு குறையும் உண்டு. மூலப்படத்தின் வெள்ளி நிரந்தரமாக வேறு சேர்மமாகிவிடுகிறது. அதுவும் கதிரியக்கச் சேர்மம். கந்தகம்-35-இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 87 நாட்கள். பத்து அரை ஆயுட்காலம், அதாவது சுமார் 870 நாட்கள் கழிந்தால்தான் கதிரியக்கம் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். மூலப்படத்தைத் தொடாமலேயே அதை மீட்க முடியுமா? அந்த வழி வேறொரு திசையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

படம் எண்களாயிற்று

1957-இல் அமெரிக்கத் தேசியத் தர நிறுவனத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் என்ற பொறியியலாளர் 'சீக்' என்னும் கணிப்பொறியில் பணியாற்றிவந்தார். நாம் பார்ப்பதைப் போலக் கணிப்பொறியும் ஒரு படத்தைப் பார்த்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. மூன்று மாதக் குழந்தையான தம் மகனின் படத்தை ஒரு சுழலும் உருளையில் ஒட்டினார். 5 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமும் உள்ள பகுதியை 176 வரிசைகளாகவும், ஒவ்வொரு வரிசையையும் 176 புள்ளிகளாகவும் பிரித்தார். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் திரும்பும் ஒளியை ஒளிமின் பெருக்கி அளந்தது. கறுப்பா வெள்ளையா என்று மட்டுமே கருவியால் சொல்ல முடியும். எனவே வெவ்வேறு அளவுகோல் வைத்துப் பலமுறை அளந்து, அவற்றைச் சேர்த்துச் சாம்பல் நிற வேறுபாடுகளைப் பெற்றார். மொத்தம் 30,976 புள்ளிகள். உலகில் முதன்முதலாகக் கணிப்பொறிக்குள் சென்ற புகைப்படம் இதுவே.

இந்தப் புள்ளிகளைத்தான் இன்று 'பிக்சல்' என்கிறோம். படம் எண்களான பிறகு அதைக் கெடாமல் எத்தனை முறையும் படியெடுக்கலாம். எவ்வளவு தொலைவுக்கும் அனுப்பலாம். 1965-இல் மாரினர்-4 விண்கலம் செவ்வாய்க் கோளின் படங்களை எண்களாகவே அனுப்பியது. ஒரு படத்தில் 200 வரிசைகள், வரிசைக்கு 200 புள்ளிகள், புள்ளிக்கு 6 பிட்டுகள். ஆக 2,40,000 பிட்டுகள். கலம் நொடிக்கு எட்டேகால் பிட்டைவிடச் சற்றுக் கூடுதலாக, அதாவது எட்டு முழு மூன்றில் ஒரு பிட் வேகத்தில் அனுப்பியது. வகுத்துப் பாருங்கள்: 28,800 நொடிகள். ஒரே படம் வந்துசேர எட்டு மணி நேரம்! வந்த படங்களிலிருந்து இரைச்சலை நீக்கித் தெளிவாக்குவதற்கு விண்வெளி அறிஞர்கள் வகுத்த கணித முறைகளே, பின்னர் மருத்துவமனைக்கும் புகைப்படக் கடைக்கும் வந்து சேர்ந்தன.

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் இருவரும் மின்னூட்டப் பிணைப்புச் சாதனத்தை உருவாக்கினர். 'சிசிடி' என்று சுருக்கமாக வழங்கும் இச்சிறு சிலிக்கன் சில்லு, தன்மேல் விழும் ஒளியை மின்னூட்டமாக மாற்றி வரிசையாக வெளியே அனுப்புகிறது. இதற்காக இருவருக்கும் 2009-இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மேசைமேல் வைக்கும் ஸ்கேனர்களில் பலவற்றின் உள்ளே இருப்பது இத்தகைய உணர்விகளின் வரிசையே.

எண்களைக் கொண்டு என்ன செய்யலாம்?

மங்கிய படம் ஒன்றை ஸ்கேன் செய்கிறோம். முழுக் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 255. புதிய படத்தில் இவ்வெண்கள் 0 முதல் 255 வரை பரவிக் கிடக்கும். மங்கிய படத்திலோ 140-க்கும் 200-க்கும் இடையிலேயே அடங்கிவிடும். கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. எனவே ஒவ்வொரு எண்ணிலிருந்தும் 140-ஐக் கழித்து, விடையை 255/60, அதாவது 4.25-ஆல் பெருக்குகிறோம். 140 என்பது 0 ஆகிறது. 155 என்பது 64 ஆகிறது. 200 என்பது 255 ஆகிறது. சுருங்கிக் கிடந்த படம் விரிந்து எழுகிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 140 முதல் 200 வரை 61 படிகள்தாம் இருந்தன. விரித்த பிறகும் 61 படிகளே. இடையிலுள்ள எண்கள் காலியாக இருக்கும். படத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும். இதனால்தான் தொழில் வல்லுநர்கள் ஒரு புள்ளிக்கு 8 பிட்டுக்குப் பதிலாக 16 பிட் வைத்து அளக்கின்றனர். அப்போது 256 படிகளுக்குப் பதில் 65,536 படிகள் கிடைக்கும். நம் 61 படிகளும் 15,616 படிகளாகும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வேறுபாடுகூட அதில் அகப்படும்.

இரண்டாவது வழி நிறத்தைப் பிரிப்பது. மஞ்சள் நிறப் பொருள் சிவப்பு, பச்சை ஒளியைத் திருப்பி அனுப்பி, நீல ஒளியை உட்கவர்கிறது என்று நாம் படித்திருக்கிறோம். ஆகவே, படமே மஞ்சளாக வெளிறியிருந்தால் நீல நிற எண்களை மட்டும் எடுத்துப் பார்க்கவேண்டும். மஞ்சள் உருவம் அங்கே கருமையாகத் தெரியும். மாறாக, படம் கறுப்பாக இருந்து மேலே மஞ்சள் கறை படிந்திருந்தால் சிவப்பு நிற எண்களைப் பார்க்கவேண்டும், கறை மறைந்துவிடும். கணிப்பொறி வருவதற்கு முன்பே புகைப்படக்காரர்கள் காமிராவின் முன் நீலக் கண்ணாடியோ சிவப்புக் கண்ணாடியோ வைத்து இதைச் செய்துவந்தனர்.

மூன்றாவது வழி அகச்சிவப்புக் கதிர். வண்ணப் படச்சுருளில் வெள்ளி இருக்காது. சாயங்கள் மட்டுமே இருக்கும். இச்சாயங்களை அகச்சிவப்புக் கதிர் தடையின்றி ஊடுருவும். ஆனால் தூசியும் கீறலும் அதைத் தடுக்கும். எனவே அகச்சிவப்பில் ஒருமுறை ஸ்கேன் செய்தால் தூசியும் கீறலும் மட்டும் ஒரு வரைபடம்போலக் கிடைக்கும். எந்தப் புள்ளி உண்மையான படம், எந்தப் புள்ளி தூசி என்று கணிப்பொறிக்குத் தெரிந்துவிடுகிறது. கறுப்பு வெள்ளைச் சுருளில் இந்த முறை பலிக்காது. ஏன் தெரியுமா? அங்குள்ள வெள்ளித் துகள்களும் அகச்சிவப்புக் கதிரைத் தடுத்துவிடும்!

கிழிந்துபோன இடத்தை என்ன செய்வது? 2000-இல் பெர்டால்மியோ, சாப்பிரோ முதலிய ஆய்வாளர்கள் ஒரு முறையை வெளியிட்டனர். ஓவியங்களைப் பழுதுபார்ப்போர் கிழிசலின் விளிம்பில் உள்ள கோடுகளை உள்நோக்கி நீட்டிச் செல்வர். அதையே சமன்பாடாக எழுதினர். அடுத்த ஆண்டு, நீரோட்டத்தை விளக்கும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளையே இதற்குப் பயன்படுத்திக் காட்டினர். ஓடையில் நீர் பாய்வதுபோல, ஒளியின் அளவு விளிம்பிலிருந்து ஓட்டைக்குள் பாய்ந்து நிரப்புகிறது. மெல்லிய கீறலுக்கு இது மிக நன்று. ஆனால் ஒரு முகமே கிழிந்து போயிருந்தால் இதனால் பயனில்லை.

எண்முறை மீட்புக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ரஷ்யாவைச் சேர்ந்த புரோகுடின்-கோர்ஸ்கியின் படங்கள். வண்ணப் படச்சுருள் பரவாத காலத்தில், 1909 முதல் 1915 வரை, அவர் ஒரே காட்சியை நீலம், பச்சை, சிவப்பு வடிகட்டிகள் வழியாக மூன்று முறை கண்ணாடித் தகட்டில் எடுத்தார். அத்தகைய 1,902 நெகடிவுகளை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1948-இல் விலைக்கு வாங்கியது. 2000-இல் அவை ஸ்கேன் செய்யப்பட்டன. மூன்று படங்களையும் கணிப்பொறி ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தியபோது, ஜார் மன்னர் காலத்து ரஷ்யா முழு வண்ணத்தில் எழுந்து நின்றது. இங்கு யாரும் வண்ணம் தீட்டவில்லை. வண்ணம் அந்தக் கண்ணாடியிலேயே இருந்தது. ஓடும் நீர் உள்ள படங்களில் மட்டும் அலைகளின் ஓரத்தில் வண்ணக் கீற்றுகள் தெரியும். மூன்று முறை எடுப்பதற்குள் நீர் நகர்ந்துவிட்டது. அக்குறையும் ஓர் உண்மையே.

மீட்பும் புனைவும்

திருத்துதல் என்பது புதிதன்று. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரை, தஞ்சை, திருச்சிப் பகுதிகளின் கோயில்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் உள்ள கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அக்காலப் பூச்சுகளில் நீல ஒளி மட்டுமே வலுவாகப் பதியும். எனவே வானம் வெள்ளைத் தாளாகிவிடும். டிரைப் தம் நெகடிவுகளில் வண்ணம் பூசி மேகங்களைச் சேர்த்தார். அந்த மேகங்கள் மதுரை வானத்தில் இருந்தவை அல்ல. அவர் படத்தில் உள்ள கோபுரம் சான்று, மேகம் ஓவியம்.

பாடநூல்களில் 'உலகின் முதல் புகைப்படம்' என்று ஒரு படம் காட்டுவார்கள். பிரான்சு நாட்டு நீப்ஸ் 1827-ஐ ஒட்டித் தம் வீட்டுச் சன்னலிலிருந்து எடுத்த காட்சி அது. அந்த உலோகத் தகடு நெடுங்காலம் மறைந்திருந்து, 1952-இல் ஹெல்முட் கெர்ன்ஷைம் என்ற வரலாற்று அறிஞர் முயற்சியால் வெளிவந்தது. கண்ணாடிபோல் மின்னும் அத்தகட்டில் உருவம் மிக மங்கலாகவே தெரியும். கோடாக் ஆய்வகம் அதைப் படியெடுத்தது. அந்தப் படி மனநிறைவு தராததால் கெர்ன்ஷைம் அதன்மீது நீர்வண்ணத்தால் திருத்தம் செய்தார். நாம் பாடநூல்களில் பெரும்பாலும் பார்ப்பது அந்தத் திருத்திய படமே! நல்ல நோக்கத்துடன் செய்ததுதான். ஆயினும் அதைப் பார்த்து, "முதல் புகைப்படமே இவ்வளவு தெளிவா!" என்று வியக்கும் மாணவன் ஏமாந்துதான் போகிறான்.

இப்போது எங்கள் வீட்டுப் படத்துக்கு வருவோம். இன்றைய கணிப்பொறி நிரல்களுக்கு இலட்சக்கணக்கான முகங்களைக் காட்டிப் பயிற்சி அளிக்கின்றனர். மங்கிய முகத்தைக் கொடுத்தால், தான் பார்த்த முகங்களிலிருந்து பொருத்தமான ஒன்றை அது வரைந்து கொடுக்கிறது. 2020-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் இத்தகைய நிரல் ஒன்றை வெளியிட்டனர். வரிசைக்கு 16 புள்ளியாக 16 வரிசைகள் கொண்ட சிறு படத்தை, 1,024 வரிசைகள் கொண்ட பெரிய படமாக அது மாற்றும். யாரோ ஒருவர் அமெரிக்க முன்னாள் குடியரசுத் தலைவர் ஒபாமாவின் படத்தை அவ்வாறு சிறிதாக்கி அதனிடம் கொடுத்தார். வெளிவந்ததோ ஒரு வெள்ளைக்காரரின் முகம்!

கணக்குப் போட்டால் காரணம் புரியும். உள்ளே சென்றவை 256 புள்ளிகள். வெளியே வந்தவை 10,48,576 புள்ளிகள். எஞ்சிய பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் அந்த மனிதரிடமிருந்து வரவில்லை. அவை வேறு யார் யாருடைய முகங்களிலிருந்தோ வந்தவை. இல்லாத செய்தியை எந்தக் கணிதத்தாலும் உண்டாக்க முடியாது. இரவல்தான் வாங்க முடியும். எங்கள் மூதாட்டியின் கம்மலும் அப்படி வந்த இரவல் நகைதான். அந்த நிரல் பார்த்த முகங்களில் பாம்படம் அணிந்த காது மிக அரிதாகவே இருந்திருக்கும். எனவே வளர்த்த காதை ஒரு பழுதென்று கொண்டு 'சரிசெய்து' விட்டது.

எல்லோருக்கும் ஒரே மாதிரியான காதையும் மூக்கையும் தோலையும் பொருத்திக்கொண்டே போனால், ஐம்பது ஆண்டு கழித்து நம் பேரர்கள் தம் முன்னோரைப் பற்றி என்ன நினைப்பார்கள்? பாம்படம் என்று ஒன்று இருந்ததாகவே அவர்களுக்குத் தெரியாமல் போகலாம். வீட்டுப் படங்கள் வரலாற்றுக்கும் சான்றுகள். இதை உணர்ந்துதான் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியுடன், தமிழகத்துப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி எண்முறையில் பதிவு செய்தது.

நாம் செய்யக்கூடியவை

நம் வீட்டுப் படங்களைக் காக்கப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. முதலில், எந்தத் திருத்தமும் செய்யும் முன் படத்தை உள்ளபடியே ஸ்கேன் செய்து தனியே வைத்துக்கொள்ள வேண்டும். கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ண முறையிலேயே, இயன்றால் 16 பிட்டில் எடுப்பது நல்லது. திருத்துவதெல்லாம் அதன் படியின்மீதே இருக்கட்டும். எதைத் திருத்தினோம் என்று ஒரு வரி எழுதி வைக்கலாம். எண்முறைப் படி கிடைத்துவிட்டது என்று மூலப்படத்தை எறிந்துவிடக் கூடாது. நாளை இதைவிடச் சிறந்த கருவி வரும்.

வெள்ளத்தில் நனைந்த படங்களைப் பற்றியும் ஒரு சொல். படத்தின் மேற்பூச்சு ஜெலட்டின். நனைந்தால் இளகும், ஒட்டிக்கொண்டு காய்ந்தால் பிரிக்க வராது. ஈரம் காயுமுன் மெல்லப் பிரித்து, தூய குளிர்ந்த நீரில் அலசி, முகம் மேல்நோக்கி இருக்குமாறு நிழலில் தனித்தனியாக உலர்த்த வேண்டும். 2011-இல் ஜப்பானைச் சுனாமி தாக்கியபோது, யமமோட்டோ என்னும் ஊரில் மட்டும் சேற்றிலிருந்து எடுத்த ஏறத்தாழ 7,50,000 படங்களைத் தொண்டர்கள் இவ்வாறு கழுவி, எண்முறையில் பதிந்து, உரியவர்களிடம் சேர்க்க முயன்றனர். வீடு இழந்தவர்கள் முதலில் தேடியவற்றுள் புகைப்படமும் ஒன்று.

எங்கள் படத்தைக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுடன் சேர்ந்து மறுபடி ஸ்கேன் செய்தேன். அங்குலத்துக்கு 1,200 புள்ளி, 16 பிட். நீல நிற எண்களை மட்டும் பிரித்து, முன்பு சொன்னபடி விரித்தோம். முகம் முழுமையாக வரவில்லை. இடக்கண் இருந்த இடத்தில் வெள்ளியே இல்லை. அதை வெறுமையாகவே விட்டுவிட்டோம். ஆனால் காதுக்குக் கீழே, மஞ்சள் கறை என்று நாங்கள் எண்ணியிருந்த இடத்தில், தோள்வரை தொங்கும் ஏதோ ஒன்றின் நிழல் மெல்லத் தெரிந்தது.

அத்தையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அந்த நிழலின்மேல் விரலை வைத்து, "இதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டேதான் நான் மடியில உக்காந்திருப்பேன். ஆச்சி வையாங்க" என்றார். கூர்ந்து பார்த்தேன். குழந்தையின் ஒரு கை மேல்நோக்கி நீண்டிருந்தது. கடையிலிருந்து வந்த படத்தில் அந்தக் கை மடியில் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது.